தாரிணியின் அம்மாவுக்கு அனுப்பிய படங்கள்

ஜன்னல் பக்கம் நீ உட்கார், ஜெசிந்தா. எனக்கு இந்த வழி பழகியது. காலுக்குக் கீழே சூடான காற்று வரும், கொஞ்ச நேரத்தில் வேர்க்க ஆரம்பித்துவிடும், அப்போது கோட்டைக் கழற்றிக்கொள். சிகாகோவிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கிற நம் ஊருக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம். ரெண்டு நாள் பயணம் செய்து வந்தவளைத் தூங்கு என்றுதான் சொல்ல வேண்டும். தூங்காதே. போய்ச் சேருவதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நீ என்று கூப்பிடுகிறேன், பரவாயில்லைதானே? நீ நாகர்கோவில், நான் தூத்துக்குடி. ஊரில் ஒரு பஸ்ஸில் இப்படி உட்கார்ந்திருந்தால் இதற்குள் நம் ரெண்டு பேருக்கும் தெரிந்த ஒரு டீச்சரையாவது கண்டுபிடித்திருப்போம். என் முழுப்பெயர் இசக்கியம்மாள். இங்கே இஸ்ஸி என்கிறார்கள். நீ இசக்கி என்றே கூப்பிடு. அக்கா வேண்டாம், ரெண்டு வயதுதான் வித்தியாசம்.

விஷயம் இதுதான். நீ தங்கப்போகிற அறை தாரிணி என்ற பெண்ணுடையது. போன பிப்ரவரியில் அவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் ஏன் போனாள் என்று நீ வாட்ஸ்அப்பில் கேட்டாய். உடம்பு சரியில்லை என்று போட்டேன். அது பொய் இல்லை, முழுசும் இல்லை. நடுவில் பத்து மாதம் அந்த அறையில் ஒரு பெங்காலிப் பெண் இருந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாளோ என்று பயம். உன்னிடம் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அந்த அறை வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல். பக்கத்துத் தெருவில் தெலுங்குப் பெண்கள் நாலு பேர் இருக்கும் வீட்டில் ஓர் இடம் இருக்கிறது, பேசி வைத்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே கொண்டுபோய் விடுவேன். எனக்கு வருத்தம் இருக்காது. இருக்கும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

இங்கே குளிர் எப்படி என்றுதான் வருகிற எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் நான் இருந்ததுபோலச் சந்தோஷமாக என் வாழ்க்கையில் ஒருபோதும் இருந்ததில்லை. இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, குளிரை அல்ல.

எங்கள் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அப்பா பாத்தியில் உப்பு வாருவார், அம்மா தலையில் சுமந்துபோய்க் குவியலில் கொட்டுவாள். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கண்ணில் எப்போதும் நீர் வடியும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். எங்கள் வீட்டில் வெள்ளை என்றால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற ஒன்று. அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆகவே எனக்கு எல்லாவற்றிலும் பயம். பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் முன்னால் போய் நிற்பேன். எந்தப் படிவத்தையும் மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

தாரிணி கோயம்புத்தூர். அப்பா இல்லை, அம்மா மகப்பேறு டாக்டர், சொந்தமாகக் கிளினிக். நல்ல பெண். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். என்னுடைய கோட்டு சர்ச்சில் இலவசமாகக் கொடுத்தது, யாரோ ஆறடி ஆளுடையது, முழங்காலுக்குக் கீழே வரும். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இசக்கி, நீ நடந்து வர்றியா, இல்ல கோட்டு மட்டும் வருதா?" என்பாள். அவளுடையது அவள் அம்மா வாங்கிக் கொடுத்த சிவப்புக் கோட்டு, கழுத்தில் ரோமம் வைத்தது. அதில் விலைச்சீட்டைக் கடைசிவரை அவள் கிழிக்கவேயில்லை. அக்டோபரில் ரெண்டு பேரும் முறை போட்டுச் சமைத்தோம். செவ்வாய், வியாழன், சனி அவள். மற்ற நாள் நான். ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருந்தோம்.

டிசம்பர் ரெண்டாம் வாரம். எட்டு மணிக்கு நான் இளநிலை மாணவர்களுக்குப் புள்ளியியல் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும். அன்றைக்கு பஸ் வரவில்லை. நடந்தால் இருபத்தைந்து நிமிஷம், ஆற்றுப் பாலம் வழியாக. ராத்திரி முழுக்க மூடுபனி, அது அப்படியே உறைந்திருந்தது. எப்படிச் சொல்ல? ஒவ்வொரு குச்சியிலும், ஒவ்வொரு கம்பியிலும், யாரோ பூட்டிவிட்டுப் போன சைக்கிளின் சங்கிலியில்கூட, வெள்ளை முள் முளைத்திருந்தது. ஊதினால் உதிரும். ஆற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. சூரியன் அப்போதுதான் வந்து, அந்த ஆவி முழுக்க ரோஸ் நிறம். சத்தமே இல்லை, என் ஷூ மட்டும் பனியில் புதுச்செருப்புப் போலக் கிறீச் கிறீச் என்றது. நான் நின்றுவிட்டேன் ஜெசிந்தா. அழுதேன்கூட. அந்தக் குளிரில் அழக் கூடாது, இமை ஒட்டிக்கொள்ளும். விரலால் பிடித்துப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

வகுப்புக்கு ஆறு நிமிஷம் தாமதம். என் வாழ்க்கையில் முதல் தடவை. அதுவரைக்கும் நான் போர்டைப் பார்த்துத்தான் பாடம் நடத்துவேன், என் இங்கிலீஷைக் கேட்டு யாராவது சிரிக்கிறார்களா என்று பார்க்கப் பயம். அன்றைக்கு அவர்களைத் திரும்பிப் பார்த்து, வெளியே பார்த்தீர்களா என்று கேட்டேன். தினமும் தூங்குகிற பையன் ஒருத்தன் எழுந்து அவனுடைய போனில் எடுத்த படத்தைக் காட்டினான். அதற்கப்புறம் நான் போர்டைப் பார்த்துப் பேசவில்லை. என்னுடைய ஆராய்ச்சிக்கு ஒரு தலைப்பு கிடைத்தது அந்த வாரம்தான். நம்ப மாட்டாய், ஆற்றில் பனிக்கட்டி உடைவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் கிடைத்தது.

நானும் ஒரு படம் எடுத்திருந்தேன். சாயங்காலம் தாரிணியிடம் காட்டினேன். அவள் படுத்திருந்தாள். அப்போதே அவள் அதிகம் படுக்க ஆரம்பித்திருந்தாள், செமஸ்டர் முடிகிற நேரம், எல்லோருக்கும் அலுப்பு என்று நினைத்தேன். "சூப்பரா இருக்குடி. எனக்கு அனுப்பு" என்றாள். அனுப்பினேன். அவள் அதை அவள் அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

"எதுக்குடி?"

"வெளியே போனியா, வெயில்ல நின்னியா, நடந்தியான்னு தினம் கேட்டு உசுரை எடுக்குறாங்க. இதைப் பார்த்தா விட்டுருவாங்க."

மறுநாள் காலையில் குரல் செய்தி வந்திருந்தது. தாரிணி ஸ்பீக்கரில் போட்டாள். "தங்கம், என்ன கண்ணு இது, மரமெல்லாம் கண்ணாடியாட்டம் இருக்குது! நீயா எடுத்தே? கைக்கு உறை போட்டிருந்தியா? இங்க நர்ஸுங்க எல்லாருக்கும் காட்டிட்டேன். ஒருத்தி இது என்ன பூவுங்கறா. எனக்கு இன்னிக்கு மூணு ஆபரேஷன் கண்ணு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இதைத்தான் எடுத்துப் பார்த்தேன்." ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அது எங்களுக்கு ஒரு விளையாட்டுப் போலத்தான் ஆரம்பித்தது, அதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

ராத்திரி நான் அந்தக் குரல் செய்தியைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். ஒரு தடவைதான். ரெண்டு தடவை.

அதற்கப்புறம் தினம் ஒரு படம். "இன்னிக்கு அம்மாவுக்கு என்ன வெச்சிருக்கே?" என்று தாரிணி கட்டிலில் இருந்தபடியே கேட்பாள். நான் காலையில் அரைமணி நேரம் முன்னால் எழுந்து தேடிப் போக ஆரம்பித்தேன். தண்ணீர்த் தொட்டியின் கோபுரத்தில் தொங்குகிற பனிக்குச்சிகள். பறவை இறங்கி ஏறிய இடத்தில் பனிமேல் அதன் இறக்கை பட்ட தடம். சாயங்காலம் நாலரைக்கு வயல் முழுக்க நீலமாக மாறும், சரியாகப் பத்து நிமிஷம்தான் நிற்கும், அது. கையுறையைக் கழற்றினால் போனை அழுத்த இருபது விநாடிதான், அதற்குமேல் விரல் சொன்னதைக் கேட்காது. படத்துக்குக் கீழே எழுதுவதையும் நானே எழுதித் தருவேன். 'அம்மா, இன்னிக்கு ஆத்துல புகை வந்துச்சு.' தாரிணி அப்படியே அனுப்புவாள். ஒரு தடவை அவள் அம்மா, "எந்தப் படத்துலயும் ஆளே இல்லையே கண்ணு, ஒண்ணுல நீ நில்லேன்" என்று கேட்டார். அதற்கும் நான்தான் பதில் எழுதினேன். 'கேமராவுக்குப் பின்னாடி நான்தானேம்மா நிக்கிறேன்.' அதற்கு அவர் பத்து இதயம் போட்டார்.

எங்கள் அம்மாவுக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்கிறாய். கேட்கவில்லையா? முகம் அப்படி இருந்தது. அம்மாவிடம் பட்டன் போன்தான். தம்பியின் போனுக்கு அனுப்பலாம், சரிதான். ஆனால் நாள் முழுக்க வெள்ளையில் நின்றுவிட்டு வருகிறவளிடம் இன்னும் வெள்ளையைக் காட்டவா? கண் வலிக்கும். ஒரு தடவை அவளே கேட்டாள். "ஏளா, அங்கன எல்லாம் உப்புக் கொட்டுன மாதிரி கெடக்குமாமே, காட்டேன் பாப்போம்." சிக்னல் சரியில்லை, அப்புறம் காட்டுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவளுக்கு இதிலெல்லாம் பெரிதாக ஈடுபாடு கிடையாது.

ஜனவரியில் ஒரு நாள் சூரியனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சின்னச் சூரியன் நின்றது. காற்றில் பனித்தூள் மிதக்கும்போது அப்படித் தெரியுமாம். அந்தப் படத்தை தாரிணியின் அம்மா பெரிதாக்கி, சட்டம் போட்டு, கிளினிக்கில் மாட்டிவிட்டார். மாட்டிய சுவரைப் படம் எடுத்து அனுப்பினார். கீழே வரிசையாகப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மேலே என் மூன்று சூரியன். சட்டத்தின் ஓரத்தில் தாரிணியின் பெயர். எனக்கு வருத்தமாக இருந்ததா? இல்லை. நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். நான் எடுத்தது கோயம்புத்தூரில் ஒரு சுவரில் இருக்கிறது. பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

இந்த நேரத்தில்தான் தாரிணி சமைப்பதை நிறுத்தினாள். முதலில் வியாழன், அப்புறம் சனி, அப்புறம் ஒன்றும் இல்லை. நான் சமைத்து அவளுக்கு ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன், சாயங்காலம் பார்த்தால் டப்பா இருக்காது. சரி, சாப்பிடுகிறாள். எனக்குக் கோபம். வீட்டில் சமையல்காரம்மா வைத்து வளர்ந்தவள், உடம்பு வணங்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். "மகாராணிக்கு இன்னிக்கும் லீவா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டேதான் கேட்பேன். அவளும் சிரிப்பாள். ஜன்னலில் கனமான போர்வையை ஆணியடித்து மாட்டிவிட்டாள், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதாம். "கண்ணு கூசுதுன்னு எங்கம்மா ஒரு நாள் சொல்லியிருந்தா நான் பன்னெண்டாவதுகூடத் தாண்டியிருக்க மாட்டேன்" என்றேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. "ஆமா இசக்கி, நீ சொல்றது சரிதான்" என்றாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பல் தேய்க்கப் போனேன்.

அவள் அம்மா ஒரு தடவை நேராக எனக்கே போன் செய்தார். "இசக்கி கண்ணு, உன்கிட்ட கேட்டாத்தான் நெசம் தெரியும். அவ ஒழுங்கா சாப்பிடுறாளா?"

அவள் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தாள். கை கூப்பவில்லை, ஒன்றும் செய்யவில்லை, சும்மா பார்த்தாள். வீட்டில் சொல்லாதே என்று ஒருத்தி பார்த்தால் சொல்லக் கூடாது. ஹாஸ்டலில் இருந்த எல்லோருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். எனக்கு மலேரியா வந்தபோது என் அறைத்தோழி எங்கள் அம்மாவிடம் நான் லைப்ரரியில் இருப்பதாக ஒரு வாரம் சொன்னாள். அதைத்தான் நட்பு என்று நினைத்து வளர்ந்தோம்.

"நல்லா சாப்பிடுறா ஆன்ட்டி. நேத்துகூட ரெண்டு பேரும் ஆத்தங்கரைக்குப் போனோம்."

"அந்தப் படம் பார்த்தேனே. அந்தப் பறவை தடம். என்ன கண்ணு அது, எப்படி அவ கண்ணுல பட்டுச்சு?"

நான் எப்படி எடுத்தேன் என்பதை, தாரிணி எடுத்ததாக, பத்து நிமிஷம் சொன்னேன். ஒளி எந்தப் பக்கம் இருந்தது, எப்படி முழங்கால் போட்டு உட்கார வேண்டியிருந்தது, எல்லாம். தாரிணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

தண்ணீர் குடிக்கிறாயா? எனக்கும் கொஞ்சம் கொடு.

பிப்ரவரி மூன்றாம் தேதி. மைனஸ் முப்பத்தொன்று. பல்கலைக்கழகத்தையே மூடிவிட்டார்கள், யாரும் வெளியே வரக் கூடாது என்று போனில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு பகல் முழுக்க நான் வீட்டில் இருந்தது அன்றைக்குத்தான். காலை பத்து மணி. வெளியே போக முடியாது, அன்றைக்குப் படம் இல்லை. எனக்குக் கை பரபரவென்று இருந்தது. தாரிணியின் அறைக்குள் போனேன். வியர்வை நாற்றமும் பழைய நாற்றமும். முடி சிக்குப் பிடித்து ஒரு பக்கமாக ஒட்டியிருந்தது. "எந்திரிடி, கொஞ்சம் வெளிச்சமாவது வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையின் ஒரு பக்கத்தை ஆணியிலிருந்து கழற்றினேன்.

அந்த வீடு பழசு, ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடிதான். போர்வை மறைத்ததால் அறையின் சூடு கண்ணாடிக்குப் போகவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கப் பனி. வெறும் பனி இல்லை. இலை. சின்னச் சின்ன நரம்பு ஓடிய இலை, வளைந்து, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, அடியிலிருந்து உச்சி வரை ஒரு காடு. அதற்குப் பின்னால் வெயில் வந்து எல்லாம் பொன்னாக எரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்ததிலேயே அழகானது அதுதான். இன்றைக்கும் அதைவிட ஒன்றை நான் பார்க்கவில்லை.

அதற்குக் கீழே, ஜன்னல் திண்டில், என் டப்பாக்கள். ஒன்பது. ஒன்றன்மேல் ஒன்றாக. சாம்பார் சாதம், தயிர் சாதம், எலுமிச்சை சாதம், மூடிகூடத் திறக்காமல், எல்லாம் கல்லாக உறைந்து.

நான் முதலில் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. படம் எடுத்தேன். அவள் பக்கம் திரும்புவதற்கு முன்னால் போனை எடுத்து, நாலு, டப்பா தெரியாதபடி கொஞ்சம் தூக்கி அஞ்சு. ரெண்டாவதாக என்ன செய்தேன் என்றால், திட்டினேன். "இவ்வளவு சோத்தையும் வீணாக்கிட்டியேடி" என்றேன்.

"எனக்கு எந்திரிக்க முடியலை இசக்கி" என்றாள்.

"இந்தக் குளிர்ல யாருக்குத்தான் முடியுது?"

அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள், போன் இருந்த கையை. "இதையும் அம்மாவுக்கு அனுப்பப் போறியா?"

"வேண்டாம்னா அனுப்பலை."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் அவளுடைய போனிலிருந்து நானேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன், அவள் அதைக்கூடச் செய்வதில்லை. நல்ல படமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழே வெட்டி, 'அம்மா, இன்னிக்கு வெளியே போகலை, காடே வீட்டுக்குள்ள வந்துருச்சு' என்று எழுதி அனுப்பினேன். அப்புறம் டப்பாக்களைக் கழுவ வெந்நீரில் போட்டேன்.

டப்பாவை வேண்டுமென்றே படத்தில் விட்டேன், அவர் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அனுப்பினேன் என்று இங்கே ரெண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. இடது மூலையில் ஒரு மூடி நின்றுவிட்டது. நான் கவனிக்கவில்லை. இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. தாரிணிக்கு அல்ல, எனக்கு. கோயம்புத்தூரில் அப்போது ராத்திரி பத்தரை இருக்கும். எப்போதும் போடுகிற மூக்குக்கண்ணாடி அவர் முகத்தில் இல்லை. "கண்ணு, இந்தப் பனி ஜன்னலுக்கு உள்பக்கம்ல இருக்குது. ஓரத்துல போர்வை தெரியுது. அந்த டப்பா எதுக்கு அங்க இருக்குது?" வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்த டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தேன். "சரி, ஒண்ணும் சொல்லவேண்டாம். போனை அவகிட்ட கொண்டு போ."

கொண்டுபோனேன். அவர் மகளை ரொம்ப நேரம் பார்த்தார். தாரிணி எழுந்து உட்காரப் பார்த்தாள். "எந்திரிக்காத சாமி, படுத்துக்க. அம்மா வரேன்" என்றார். தாரிணி அழ ஆரம்பித்தாள். நாலஞ்சு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முன்பு ஏதோ மாநாட்டுக்கு வாங்கிய விசா அவரிடம் இருந்தது. எட்டு நாளில் வந்துவிட்டார். அந்த எட்டு நாளும் அவர் சொன்னதை எல்லாம் செய்தேன். மறுநாளே ஹெல்த் சென்டருக்குக் கூட்டிப்போனேன், மாத்திரை கொடுத்தேன், தலை சீவிவிட்டேன், அவர் பார்க்கும்படி போனைத் தலையணைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். டாக்டர்கள் இதற்கு ஒரு பெயர் சொன்னார்கள், வெயில் குறைந்தால் சிலருக்கு இப்படி மனச்சோர்வு வருமாம், இங்கே எவ்வளவோ பேருக்கு வருமாம். நான் யாரும் கேட்காமலே அதைப் பற்றி நாற்பது கட்டுரை படித்தேன்.

அவர் வந்து என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. வீட்டைக் கூட்டினார், ரசம் வைத்தார், எனக்கும் சேர்த்துப் போட்டார். ரெண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார். "ஒரு தடவை என்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு."

"அவ சொல்லக் கூடாதுன்னா ஆன்ட்டி."

"சரி." இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். "தினம் போய்ப் படம் எடுக்கச் சொன்னதும் அவதானா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, எழுந்து போய் மகளுக்கு ஊட்டினார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று பஸ் நிலையத்துக்கு டாக்ஸி ஆற்றுப் பாலம் வழியாகப் போனது. தாரிணி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "இதுதானா அந்த ஆறு? உன் படத்துல பெருசா இருந்துச்சு" என்றாள். சிரித்தாள். பழைய தாரிணி மாதிரியே சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அம்மா சிரிக்கவில்லை.

இப்போது நன்றாக இருக்கிறாள். அங்கேயே ஒரு வேலையில் சேர்ந்துவிட்டாள். நான் ஏதாவது போட்டால் லைக் போடுவாள், பேசுவதில்லை. அவள் அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். 'உடம்பைப் பார்த்துக்க கண்ணு' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினேன், நீல டிக் வந்தது. கிளினிக்கில் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

அவ்வளவுதான் ஜெசிந்தா. இன்னும் இருபது நிமிஷத்தில் நம் ஊர். இப்போது நீ சொல்ல வேண்டும். அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியை வீட்டுக்காரர் மாற்றிவிட்டார். காலையில் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ள ஒரு பெரிய விளக்கு வாங்கி வைத்திருக்கிறேன், வெயில் மாதிரி வெளிச்சம் வரும். நான் உன்னை மகாராணி என்று சொல்ல மாட்டேன். டப்பாவைத் திறந்து பார்ப்பேன். உன் வீட்டில் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், நீ எப்படிப் பார்த்தாலும் சொல்ல மாட்டேன். அது உனக்குப் பிடிக்காது என்றால் தெலுங்குப் பெண்கள் வீட்டுக்கே போய்விடலாம், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

சரியா? யோசித்துச் சொல். அவசரப்பட்டுத் தலையாட்டாதே.

சரியா? சரி.

அப்படியென்றால் இப்போதே ஒன்று செய்துவிடு. உன் அம்மாவின் நம்பரை என் போனில் போடு. உன் மூலமாக வேண்டாம், நேராகவே பேசிக்கொள்கிறேன், அதுதான் பாதுகாப்பு. நீ எழுந்தாயா, சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு நாளும் நானே ஒரு வரி போட்டுவிடுவேன். உனக்கும் பாரம் இல்லை.

வலது பக்கம் பார், சீக்கிரம், அந்தக் கம்பிவேலி முழுக்க வெள்ளை முள் முளைத்திருக்கிறது, வெயில் இறங்குகிறது பார். பஸ் நிற்காது, கண்ணாடியில் போனை ஒட்டி வைத்து எடுத்தால் கொஞ்சம் தெளிவாக வரும். தள்ளு, ஒரு நிமிஷம்.

வந்துவிட்டது. பரவாயில்லை, நன்றாகவே வந்திருக்கிறது.

நம்பரைச் சொல். உன் அம்மாவுக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் பிடிக்குமா?